சட்டைக்குள் மாட்டிக்கொண்ட டிரைவர்

மூன்றாம் மாடி வீட்டிலேயே தையல் கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பைத்தியம் பிடித்தது. பழைய துணியைச் சிலையாக்கும் பைத்தியம். பால் மாதிரி வெள்ளையாக ஒரு திரவம் டப்பாவில் வருகிறது. பருத்தித் துணியை அதில் முக்கிப் பிழிந்து, கம்பிக் கூட்டின் மேல் போர்த்திவிட்டால், காயக் காயக் கட்டைபோல் இறுகி நின்றுவிடும். விஷம் கிடையாது, நாற்றம் கிடையாது, கையில் பட்டால் சோப்புப் போட்டால் போயிற்று. அப்புறம் கேட்க வேண்டுமா? சோபாவில் உட்கார இடமில்லை. பஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தால், இரண்டு பொம்மைகளை நகர்த்திவிட்டுத்தான் செருப்பையே கழற்ற முடியும்.

நகர மண்டபத்தில் வருஷா வருஷம் சிற்பக் கண்காட்சி நடக்கும். அதில் தன் சிலை ஒன்றாவது நிற்க வேண்டும் என்பது அவள் வைராக்கியம். இரண்டு வருஷம் கொண்டுபோனாள், இரண்டு வருஷமும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேர்வு செய்யும் அம்மாள் போன தரம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"எல்லாம் கடையில மாட்டி வெச்ச புதுச் சட்டை மாதிரி இருக்கும்மா. இதைப் போட்டுக்கிட்டு யாரும் வேலைக்குப் போன மாதிரியே தெரியல."

பொய்யில்லை, என்ன செய்வது? முப்பது வருஷமாகச் சுருக்கத்தை நீவி நீவியே பழகிய கை. ஈரத் துணியில் ஒரு மடிப்பு விழுந்தால் போதும், விரல் தானாகப் போய் நீவிவிடும். அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். பொம்மைகளைக் கேலி செய்வதை டிரைவர் அன்றோடு விட்டுவிட்டார்.

இந்த வருஷத்துக்குக் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கையில் உருப்படியாக ஒன்றுமில்லை. பதினோரு மணிக்கு டிரைவர் காலை வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்தார்.

"என்னங்க, ஒரு உதவி. முக்கால் மணி நேரம் சட்டை போட்டுக்கிட்டுச் சும்மா உக்காரணும்."

"அதென்ன பெரிய வேலை? தினமும் அதைத்தானே செய்றேன்."

"ஈரச் சட்டைங்க."

மனிதர் பெருமூச்சு விட்டார், ஆனால் மறுக்கவில்லை. பனியனுக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கிழித்துச் சுற்றினாள். அவருடைய பழைய வேலைச் சட்டையைத் திரவத்தில் முக்கிப் பிழிந்து, போட்டுவிட்டுப் பொத்தானும் மாட்டினாள். "விஷமில்லயே?" "குழந்தைங்ககூடத் தொடலாம்." நாற்காலியில் உட்காரவைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டாள். மடிப்பெல்லாம் பாதி இறுகியதும் பொத்தானைக் கழற்றி, சட்டையைப் பதமாக உருவி, கம்பிக் கூட்டுக்கு மாற்றிவிடலாம் என்பது திட்டம்.

திட்டம் நல்ல திட்டம்தான். காலை நாலு மணிக்கு எழுந்த மனுஷன் தூங்கிப்போவார் என்று யார் கண்டது? கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பேன்ட் ஜிப் மாற்ற ஒருவர் வந்து சேர்ந்தார். அந்த வேலையை முடித்து நிமிர்ந்தபோது மணி ஒன்றரை.

பொத்தான்பட்டி ஒட்டிப்போயிருந்தது. சட்டை அட்டையாக நின்றது. டிரைவர் விழித்துப் பார்த்தார், அசைந்து பார்த்தார்.

"அடியே! என்ன பண்ணி வெச்சிருக்க?"

"அசையாதீங்க, கெட்டுப்போயிடும்!"

"நான் கெட்டா பரவாயில்ல, சட்டை கெடக் கூடாது, அப்படித்தானே?"

அவள் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் கூடிய சுருக்கம், வயிற்றில் மடிந்த மடிப்பு, ஒரு பக்கம் தூக்கிய தோள். அவள் கை நீவாத சட்டை! இதை வெட்டுவதா? கத்தரியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கண் கலங்கிவிட்டது.

டிரைவர் அதைப் பார்த்தார். "வெட்ட வேண்டாம் விடு. என்னையே தூக்கிட்டுப் போய் வெச்சிடு. அஞ்சு மணி வரைக்கும் மூச்சு விடாம இருந்துக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் கை தெளிந்தது. முதுகின் நட்ட நடுவே, காலரிலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடாக வெட்டினாள். டிரைவர் கூட்டிலிருந்து நழுவுவதுபோல் பின்பக்கமாக நழுவி வெளியே வந்தார். வெட்டியதை, திரவத்தில் நனைத்த நூலால் தைத்தாள். முடி காயவைக்கும் மெஷினை அவர் பிடித்துக்கொண்டார். நாலே முக்காலுக்கு, அதே நாற்காலியோடு சட்டையை மண்டபத்தில் இறக்கினார்கள். தேர்வு செய்யும் அம்மாள் இரண்டு தரம் சுற்றி வந்து, அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கண்காட்சி திறந்த அன்று டிப்போவிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். தலையில்லை, கையில்லை, வெறும் சட்டை. உள்ளே நுழைந்ததும் ஒருவர் கத்தினார்: "அட, நம்ம ஆளு தூங்குறாருப்பா!" மண்டபமே சிரித்தது. தையல்காரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

டிரைவர் மட்டும் சட்டையின் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போனாள்.

"ஏம்மா, என் முதுகு இவ்வளவு வளைஞ்சா போயிருக்கு?"

"பத்து வருஷமா உங்க சட்டைக்கு முதுகுல ஒரு இஞ்ச் கூடுதலா வெச்சுத்தான் வெட்டறேன். போன வருஷத்துலேர்ந்து ஒன்றரை."

"நீ சொல்லவே இல்லையே?"

"சட்டை எங்கயாவது இறுக்குச்சா?"

இல்லை என்று தலையாட்டினார்.