செயற்கைக்கோள் சொன்ன கோள்

பேயாவது பிசாசாவது என்று ஊரைக் கேலி பண்ணித் திரிந்தவன் நான். நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். சிரியுங்கள், ஆனால் என் வாயில் இல்லாத நான்கு பல்லுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளில் செவிலிமேட்டுப் பஞ்சாயத்து ரேடியோ என் பொறுப்பில் இருந்தது. சாயங்காலம் பெட்டியைத் திருகினால் வெளியே வேப்பமரத்து ஸ்பீக்கரில் ஊரே கேட்கும். அன்று விவசாய நிகழ்ச்சியில் செயற்கைக்கோள் பற்றிப் பேசினார்கள். மேலே சுற்றிக்கொண்டே மேகத்தையும் பயிரையும் ஆற்றையும் படம் பிடித்து அனுப்புமாம். விளக்கு வைக்கிற நேரம், நிஜமாகவே ஒரு நட்சத்திரம் நகர்ந்து போகிறது! வெளியே ஒரே கூச்சல். என் வாய் சும்மா இருக்குமா, பெட்டியோடு அறிவிப்புக்கு வைத்திருந்த மைக்கைப் பிடித்தேன்.

"பாத்துக்கோங்கபா, பேர்லயே கோள் இருக்குது! நீங்க பண்றதெல்லாம் மேலேர்ந்து பாத்துக்கினு போய் கோள் சொல்லிடும்!"

சத்தியமாக அவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் எங்கள் ஊர்க் கஜபதி கடப்பாரையோடு உள்ளே வந்து கதவைத் தாழிட்டான். அவன் தம்பியை மூன்று மாதமாகக் காணோம். பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் இவன்தான்.

"ஓரிக்கை மணலு, நாணப் பொதருன்னு மைக்ல சொல்றியே, எவன்டா உனுக்குச் சொன்னது?"

"நான் எங்கண்ணா சொன்னேன்?" என்பதற்குள் முதல் அடியில் ரேடியோ பிளந்தது, இரண்டாவது அடியில் என் தாடை. கீழே தள்ளிக் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினான்.

"கூடப் பொறந்தவனையே முடிச்சேன்டா, நீ எம்மாத்திரம்?"

வாயெல்லாம் ரத்தம், மூச்சு இல்லை. செத்தேன் என்றே நினைத்தேன். நல்லவேளை, வெளியே நின்றவர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்து அவனைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள்.

மறுநாள் பக்கத்து ஊரான ஓரிக்கையில், ஆற்று மணலில் நாணல் புதரடியில் தோண்டினார்கள். தம்பி கிடந்தான், மண்டை இரண்டாகப் பிளந்து. உனக்கு எப்படித் தெரியும் என்று போலீஸ் என்னையும் விடவில்லை. நான் சொல்லவே இல்லை என்று அழுதேன். வெளியே நின்ற அத்தனை பேரும் ஒரே மாதிரி சாட்சி சொன்னார்கள், ஸ்பீக்கரில் கேட்டது என் குரல்தானாம்.

பயமாக இருக்கிறது, இப்போதும். அந்தக் குரல் ஓரிக்கையோடு நிறுத்தவில்லையாம். அதற்குப் பிறகு என்னைப் பற்றியும் ஏதோ சொன்னதாம். என்ன என்று எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன், ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் மனைவி அன்று வேப்பமரத்தடியில்தான் நின்றிருந்தாள். அவளைக் கேட்டால், "சோறு ஆறுது, சாப்பிட வாங்க" என்கிறாள்.