இரண்டு கோட் எண்ணெய்

சாக்கடைக்குச் சிமெண்ட் உறை வார்ப்பதில் எங்கள் யார்டை மிஞ்ச ஆள் கிடையாது என்று கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு பேர் இருந்தது. அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது, ஏனென்றால் அச்சுக்கு நான்தான் பொறுப்பு. லாரி இன்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை அச்சின் உள்பக்கம் பிரஷ்ஷால் அடித்துவிட்டுக் கான்கிரீட் ஊற்றுவோம். மறுநாள் கழற்றினால் வழவழவென்று வரும். ஒரு மூலை பெயர்ந்திருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

சுனாமி வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஓட்டை ஓட்டையாக முக்கோணக் கூண்டுகள் வேண்டும் என்று ஓர் ஆர்டர் வந்தது. கடலுக்குள் இறக்கப் போகிறார்களாம். கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டை மீனவர்கள் 'பார்' என்பார்கள். தெற்கே பவளப்பாறைகள் சூட்டில் வெளுத்துச் சாகின்றன, இங்கேயும் கரையோரத் தண்ணீர் சூடேறி மீன் தள்ளிப் போகிறது, அதனால் ஆழத்தில் குளிர்ந்த இடமாகப் பார்த்து நாமே ஒரு பார் கட்டிக் கொடுக்கிறோம் என்றார் ஆர்டர் கொடுத்த அதிகாரி. மேல்பக்கம் சொரசொரப்பாக இருந்தால்தான் சிப்பி, பாசி ஒட்டும் என்றும் சொன்னார். நாங்கள் அவர் போன பிறகு சிரித்தோம். எங்கள் யார்டில் வந்து சொரசொரப்பு கேட்கிறார்!

பழவேற்காட்டுக்குத் தெற்கே, என் அக்காவைக் கட்டிக்கொடுத்த குப்பத்துக்கு எதிரேதான் அவை இறங்கப் போகின்றன என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷம் அந்த இடத்தில் யாரும் வலை போடக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் மன்றாடிச் சம்மதம் வாங்கியவரே மாமாதான், என் அக்கா வீட்டுக்காரர். நம் வீட்டுக்குப் போகிற சாமான் என்று ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு கோட் எண்ணெய் அடித்தேன்.

கூண்டுகள் இறங்கி ஒரு வருஷம் கழித்து, ஒரு காலையில் மாமா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். காரணம் சொல்லவில்லை. காற்றே இல்லை. முதலில் பழைய பார் ஒன்றின் மேல் இன்ஜினை நிறுத்தினார். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல்நுனியை என் காதில் வைத்தார்.

"கேளு மச்சான்."

கேட்டது. கடுகு வெடிக்கிற சத்தம், கீழே எங்கோ நூறு அடுப்பில் ஒரே நேரத்தில் தாளிக்கிற மாதிரி. இறாலும் நண்டும் மீனும் சேர்ந்து போடுகிற சத்தம் அது என்றார்.

பிறகு எங்கள் கூண்டுகள் கிடந்த இடத்துக்குப் போனோம். மறுபடி துடுப்பை வைத்தேன். ஒன்றுமில்லை. காதை மாற்றி வைத்தேன். என் ரத்தம் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. அந்தத் தண்ணீர் எங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. பகல் வெளிச்சத்தில் அப்படிப் பயந்தது அதுதான் முதல் தடவை.

மாமா குதித்தார். வெகுநேரம் வரவில்லை. வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஒரு சிப்பி கூட ஒட்டல. பாசி இல்ல. நேத்து ஊத்தின மாரி பளபளன்னு நின்னுக்கினு கீது. மீனு கிட்ட வருது, சுத்திப் போவுது, உள்ள நுழைய மாட்டேங்குது. சுடுகாட்டுல நிக்கிற மாரி இருக்குது. இன்னா போட்டு செஞ்ச?"

சொன்னேன். எண்ணெய், இரண்டு கோட், ஆசையாக அடித்தது, எல்லாவற்றையும். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினார்.

"ஊர்ல வாயத் தொறக்காத. உங்க அக்காவ அங்க வாழ வுட மாட்டானுங்க. தண்ணி சூடு, அதான் ஒட்டலன்னு சொல்லிக்கிறேன்."

அப்படியே சொன்னார். கடல் சூடாவதை எல்லோரும் காலில் உணர்ந்திருந்ததால் நம்பினார்கள். ஒரு வருஷம் சும்மா விட்ட இடத்தை வெறித்துப் பார்த்துவிட்டுத் தூரத்துக்குப் படகு ஓட்டினார்கள்.

அடுத்த கோடையில் அந்த அதிகாரி புதுக் கூண்டுகள் இறக்க அனுமதி கேட்டு ஊர்க்கூட்டத்துக்கு வந்தார். அதற்குள் நான் எண்ணெய் இல்லாமல் வெறும் ஈரச் சாக்கு விரித்து வார்த்துப் பார்த்திருந்தேன். சொரசொரவென்று அசிங்கமாக, அவர் கேட்ட மாதிரியே வந்திருந்தது. அதைச் சொல்லத்தான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

"சூடான கடல்ல கல்லப் போட்டு இன்னா சார் ஆவப்போவுது? பேஜாரு," என்றார் ஒருவர். வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். வரிசையாகக் கைகள் எழுந்தன. மாமா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு அவரும் தூக்கினார். நான் கூட்டத்துக்குப் பின்னால், அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல அரை நிமிஷம் போதும். சொல்லவில்லை.