ஒரு பெட்டிக் குளிசை, ரெண்டு பேர்

தொலைபேசியில மொழிபெயர்க்கிற வேலையில, ஊர் ஆக்களின்ர நோய் வருத்தமெல்லாம் முதல்ல எங்களுக்குத்தான் வரும். சட்டம் அப்பிடி: ஆர் கதைச்சாலும் அவையாவே நிண்டு "நான்" எண்டு சொல்லவேணும். இந்த வேலையில மாட்டுப்பட்டிருக்கிற ஆக்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டென்மார்க்கில, இக்காஸ்டில என்ர ஜன்னலுக்கு வெளியில பனிப்புகார் மூடிக் கிடக்கும். காதுக்குள்ள குரல் மட்டும். முகத்தை நானே மனசில படமாக் கீறிக்கொள்ளுவன்.

எந்த இடம்?

ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர குரல். கலியாணம் முடிச்சு ஆறு வருசம், பிள்ளை இல்லை. டொக்டர் சோதனை முடிவைச் சொன்னா: கிளமிடியா. உடலுறவால தொத்திற கிருமி. நோகாமலே கனகாலம் உள்ளுக்கை கிடக்கும். அப்பிடியே விட்டால் பிள்ளை தங்கிற வழியை அடைச்சுப்போடும். ஏழு நாள் மருந்துக் குளிசை, புருசனும் சோதிக்கவேணும்.

"எனக்கு வேற ஒருத்தரோடயும் தொடர்பில்லை" எண்டு அவ அழ, நானும் டெனிஷில அதையே சொன்னன். கதவு சரியாச் சாத்தேல்லைப் போல, அதைக் கேட்டு அடுப்படியில என்ர மனிசன் கரண்டியைக் கீழ போட்ட சத்தம் வந்துது. கடைசியா, டொக்டருக்கு எப்பிடி மொழிபெயர்க்கிறதெண்டே தெரியாத ஒரு கேள்வி வந்துது: "அக்கா, நீங்கள் ஊரில எந்த இடம்?"

வெள்ளிக்கிழமை

அடுத்த கிழமை அவவின்ர மனிசன். கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி ஒரு குரல். மீசை வைச்ச ஆளெண்டு கீறிக்கொண்டன். சோதிக்க வரச்சொல்லி டொக்டர் மூண்டு தரம் பொறுமையாக் கேட்டா. எனக்கு நோகேல்லை, எனக்கு ஒண்டுமில்லை எண்டார். நானும் எனக்கு ஒண்டுமில்லை எண்டன். பிறகு தன்ர சாட்சியைச் சொன்னார்: "டொக்டர், நான் குடிக்கிறதுமில்லை, வெள்ளிக்கிழமையில மச்சம் மாமிசம் தின்னுறதுமில்லை."

அரைவாசி

மூண்டு மாசத்தால வெளியில மெதுவாப் பனி கொட்டேக்க அதே ரெண்டு குரலும் ஒண்டா வந்துது. அவவுக்குக் கிருமி இன்னும் இருக்கு. "ஏழு நாளும் போட்டனீங்களோ?" எண்டு டொக்டர் கேட்டா.  அவ மெல்லமாச் சொன்னா:

"இவருக்கு மானம் பெரிசு, டொக்டர். சத்துக் குளிசை எண்டு சொல்லி அரைவாசியை இவருக்குக் குடுத்திட்டன். வீட்டில தலையிடிக்கு வாங்கிற பனடோலையும் அப்பிடித்தான் பங்குபோடுறனாங்கள்."

ஐயோ, அரைவாசிக் குளிசை ரெண்டு பேரின்ர வருத்தத்தையும் மாத்தாது எண்டு டொக்டர் சொன்னதை அப்பிடியே தமிழில சொன்னன். அந்தப் பிள்ளையில அவ்வளவு பாவமா இருந்துது. அப்பதான் கிணத்துக் குரல் மேல வந்துது: "எனக்கும் எழுதுங்கோ, டொக்டர். இது என்னட்டை இருந்துதான் அவளுக்குப் போனது."

தொலைபேசியில இவ்வளவு வருத்தம் வந்தும் ஒரு குளிசை போடாத நான், இண்டைக்கும் கடையில குழந்தை வண்டிலோட வாற ஒவ்வொரு தமிழ்ச் சோடிக்கும் பின்னால, அந்த ரெண்டு குரலோ எண்டு அறிய, ஒருக்கா வாயைத் திறந்து கதையுங்கோவன் எண்டு காத்துக்கொண்டு நிக்கிறன்.