பிரஸ் மெஷினுக்கு அடியில்

ஒசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பிரஸ் மெஷின்களின் தரைக்கு அடியில் ஒரு தாழ்ந்த இடம் உண்டு. நிமிர முடியாது, மண்டியிட்டுத்தான் போக வேண்டும். கேபிள், காற்றுக் குழாய் எல்லாம் அதற்குள்தான் ஓடும். எலக்ட்ரீசியன் என்பதால் என் பிழைப்பில் பாதி அங்கேதான். கட்டியவர்கள் நினைத்தே பார்க்காத உபயோகங்களும் அதற்கு இருந்தன. ஆடிட் வந்தால் ரிஜெக்ட் ஆன பீஸ்களை உள்ளே தள்ளுவார்கள். டபுள் ஷிப்ட் பார்த்தவன் கொஞ்சம் கட்டையைச் சாய்ப்பதும் அங்கேதான். நானும் சாய்த்திருக்கிறேன். யாரும் வந்து கூப்பிடாத இடம் அது ஒன்றுதான்.

ஷூவோடு உள்ளே தவழ முடியாது. கழற்றி, இறங்கும் வழியின் இரும்பு மூடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்குவோம். ஷூ கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான், சுவிட்சைத் தொடாதே என்று அர்த்தம். எந்த எச்சரிக்கைப் பலகையையும்விட அந்த நாற்றம்பிடித்த ஷூவைத்தான் நம்பினோம்.

அன்று காலை வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்த களைப்போடு, கருகிப்போன கேபிளை மாற்ற இறங்கினேன். புதிதாகச் சேர்ந்த கெலமங்கலத்து ஹவுஸ்கீப்பிங் அக்கா, வழியில் கிடக்கிறதே என்று என் ஷூவைக் கொண்டுபோய் ஸ்டாண்டில் அடுக்கிவிட்டார். பிறகுதான் எனக்குத் தெரியும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஷூ இல்லாததால் உள்ளே ஆளில்லை என்று யாரோ இரும்பு மூடியையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

செல்போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கீழே ஈரத்தரை, பக்கத்தில் வெட்டிய கேபிள். யாராவது சுவிட்சைப் போட்டால் என் கதை முடிந்தது. ஸ்பேனரால் மூடியைத் தட்டினேன், கத்தினேன். தலைக்கு மேல் காலடிச் சத்தம் வந்து நின்றது. இங்கிலீஷில் ஏதோ பேசினார்கள். பிறகு போய்விட்டார்கள். பயத்தில் அழுதுவிட்டேன்.

வெகுநேரம் கழித்து மூடியைத் திறந்து கைகொடுத்துத் தூக்கியவர் சூப்பர்வைசர்.

"நான் தட்டுனது கேக்கலையா சார்?"

"கேட்டுச்சுப்பா. வந்தவங்க இங்கியே நின்னுட்டாங்க, என்ன பண்றது? சுவிட்ச யாரும் தொடாதபடி நாந்தான் மறிச்சு நின்னேன். என்ன சத்தம்னு கேட்டாங்க. பைப்புல காத்து அடைச்சிருக்குன்னு சொல்லிட்டேன்."

சண்டை போட்டிருக்க வேண்டும். அந்த அசதியில் கோபம்கூட வரவில்லை.

"கேபிள் பாதிதான் சார் ஆச்சு" என்றேன்.

"டீ குடிச்சிட்டு எறங்கு" என்றார்.

குடித்துவிட்டு இறங்கினேன்.