மாரி காத்த கோல்

விளக்கெண்ணெய் தடவிய தோலின் வாடை எங்கிருந்து வந்தாலும் எனக்குச் செங்கோடன் சித்தப்பாவின் ஞாபகம் வந்துவிடும். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் பண்ணையம் பார்த்த குடும்பம் எங்களுடையது. எங்கள் தாத்தாவோடு, நாங்கள் 'அப்பாரு' என்று அழைத்தவரோடு, சண்டை போட்டுக்கொண்டு பட்டணத்துக்கு ஓடிய சித்தப்பா அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கூடவே போனவன் எங்கள் பண்ணையாளின் மகன் மாரி. நான் பாவாடை கட்டித் திரிந்த வயதில் இருவரும் ஒரு தோல் பந்தோடு ஊர் திரும்பினார்கள்.

ஏன் திரும்பினார்கள் என்பதைப் பந்துக்கு எண்ணெய் போட்டபடி சித்தப்பாவே சொல்வார். துறைமுகக் கூலிகளுக்கு ஒரு 'புட்பால் செட்டு' இருந்தது; வெறுங்கால் ஆட்டம்; கோல் காப்பவன் மாரி. ஒருமுறை பூட்ஸ் போட்ட கப்பல் கம்பெனித் துரைமார்களோடு பந்தயம் நடந்தது. புல்வெளியைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே வெள்ளைக்காரர்களுக்கு நாற்காலியும் வெளியே நம்மவர்களுக்கு வெயிலும் ஒதுக்கியிருந்தார்கள். விலாவில் பூட்ஸ் பாய்ந்தும் மாரி பந்தை விடவில்லை. சித்தப்பா அடித்த ஒரே கோலில் கூலிகள் ஜெயித்தார்கள். ஆனால் விருந்துக் கூடாரத்துக்குள் அவர்களை விடவில்லை. குதிரைகள் கட்டியிருந்த மரத்தடிக்குத் தகரக் குவளையில் தேத்தண்ணீர் வந்தது.

"இந்த நாத்தத்துல நின்னு குடிக்கறதுக்கா செயிச்சோம்னு மாரி கொவளயக் கவுத்துட்டான். நானுங் கவுத்தேன். மக்கா நாளு வேலைக்குப் போனா எங்களக் கேட்டுக்குள்ளயே உடல" என்பார் சித்தப்பா. வேலை போனதைச் சொல்லும்போதும் அவர் குரலில் பெருமைதான் இருக்கும்.

வருத்தம் ஊருக்கு வந்த பிறகுதான். துறைமுகத்தில் "டேய் செங்கோடா" என்று கூப்பிட்ட மாரி, ஊர் எல்லையை மிதித்ததும் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "சாமி" என்றான். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வற்றிக் கிடந்த ஏரியில் மூங்கில் நட்டு, ஊர் இளவட்டங்களைக் கூட்டிச் செட்டுக் கட்டி, கோலில் மாரியை நிறுத்தினார்.

சில நாட்களிலேயே ஊர்க்காரர்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சேரிக்காரன் தொட்ட பந்தைத் தங்கள் பிள்ளைகள் நெஞ்சில் வாங்குவதா என்று கேட்டார்கள். அப்பாரு சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, ஊரு மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"ஏனுங்கய்யா, அங்க ஆட்டம் முடிஞ்சதும் தொரை எங்க ரெண்டு பேத்தையும் கயித்துக்கு வெளிய நிறுத்துனான். இங்க கயிறு நம்ம கையில இருக்குதுங்க. அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

அப்பாரு மாரியின் தகப்பனை அழைத்து, மகன் ஏரியில் கால் வைத்தால் வேலையும் கிடையாது, குடிசையும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மாரி எங்கள் புறக்கடை வேலிக்கு அந்தப்புறம் வந்து நின்றான். "எங்கப்பன் இந்த வயசுல எங்கீங்க சாமி போவாரு? நானிங்க இருந்தா நீங்க ஏரிக்குக் கூப்புடாம இருக்கமாட்டீங்க. நானு ஊர உட்டுப் போயிட்டாச் செரியாப் போயிருமுங்க."

"சாமிங்காதடா. பேரச் சொல்லிக் கூப்புடு" என்று சித்தப்பா கெஞ்சினார். மாரி இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். ரங்கூனுக்குக் கப்பல் ஏறியதாகப் பின்னால் தெரிந்தது.

சித்தப்பா செட்டைக் கலைத்துவிட்டார். அப்பாரோடு பேசுவதையும் விட்டுவிட்டார். ரங்கூனில் குண்டு விழுந்து, பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் சேலம் ஸ்டேஷனில் இறங்கிய காலத்தில், அவர் அடிக்கடி அங்கே போய், இறங்குகிறவர்களிடமெல்லாம் மாரியை விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாரு ஒருநாள் சித்தப்பாவைப் பார்த்து, "அந்தப் பையன் வந்துட்டானா?" என்று கேட்டார்.

"வரலீங்க" என்றார் சித்தப்பா. அத்தனை வருஷத்தில் தகப்பனோடு அவர் பேசியது அது ஒன்றுதான்.

இன்று ஏரியை மனை பிரித்து விற்றுவிட்டார்கள். மூங்கில் நட்ட இடத்தைக் காட்ட ஆளில்லை. சேரிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பொங்கல் பந்தயத்துக்கு மட்டும் இன்னமும் இரண்டு திடல்கள். போன பொங்கலன்று விளையாடக் கிளம்பிய என் பேரனிடம், இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடினால் என்ன என்று கேட்டேன். "அப்படியெல்லாம் ஆடமாட்டாங்க ஆத்தா" என்று சிரித்துவிட்டு ஊர்த் திடலுக்குப் போனான்.