பாத்தியின் அகலம்

நூல்கண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு கோட்டுக்காரர் பின்பக்கமாகவே நடக்கிறார். திரும்பிப் பார்ப்பதில்லை. வாளி, துணிக்கொடிக் கம்பம், காலை நீட்டித் தூங்கும் நாய், எதிலும் இடிக்காமல் சுவரடிக்குப் போய்ச் சேர்கிறார். முளையடித்து நூலைக் கட்டியதும் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். "மயிரிழை வெலகுது" என்று முளையைப் பிடுங்குகிறார்.

சாலையில் வெள்ளைக் கோடு போடுவது அவர் தொழில். பாதசாரிகள் கடக்கும் பட்டைகள், வண்டி நிறுத்தும் கட்டங்கள், பள்ளி வாசலில் 'மெதுவாக' என்ற எழுத்துகள் எல்லாம் அவர் கைவண்ணம். தெருவில் அவருக்குக் கோட்டுக்காரர் என்றே பெயர். பாதி சாலையை மறித்து வேலை செய்வதால் ஏச்சுக்குப் பஞ்சமில்லை. "திட்டாம ஒரு வண்டி போச்சுன்னா எனக்கு பயமாயிரும், பிரேக் இல்லியோன்னு" என்பார்.

வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் காலாலேயே நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். சுவரில் படம் சாய்ந்திருக்கும் வீட்டுக்குப் போனால் அவருக்குப் பேச்சு ஓடாது. கண் அங்கேயே நிற்கும்.

பின்கட்டில் கிடந்த வெறும் மண்ணைத் தோட்டமாக்கச் சொன்னவர் அவர் மனைவி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டைகளை இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறார். சமையலை மகள் எடுத்துக்கொண்டாள், துவைப்பதைக் கணவர் எடுத்துக்கொண்டார். "உக்காரு உக்காருன்னே என்னைய பொம்மையாக்கிட்டீங்க. இந்த மண்ணு என்னோடது. இதுல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கோட்டுக்காரர் இதையும் சாலை வேலை போலவே எடுத்துக்கொண்டார். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். தக்காளி வெயில் பக்கம், கீரை சுவர் நிழலில். பாத்தி நாலடி, நடைவழி ஒன்றரை அடி. "இந்தப் பக்கத்துலேருந்து ரெண்டடி எட்டும், அந்தப் பக்கத்துலேருந்து ரெண்டடி. பாத்திய மிதிக்கவே வேணாம்" என்று குந்தி உட்கார்ந்து கையை நீட்டியும் காட்டினார். பிறகு நூல் போன வழியெல்லாம் வெள்ளைத்தூளைத் தூவிக் கோடு போட்டார்.

மகள் வந்து பார்த்தாள். "என்னப்பா, பார்க்கிங்கா? கத்தரிக்கா ரிவர்ஸ்லதான் வரணுமோ?"

"எப்படி வேணா வரட்டும். கோட்டத் தாண்டி நின்னா ஃபைன்."

கேட்டுக்கொண்டே மனைவி வெளியே வந்தார். குட்டை முக்காலியை ஒரு பாத்தியோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையை மண்ணில் ஊன்றிக்கொண்டு வலது கையை நீட்டினார். விரல்கள் நடுப்பாத்திக்கு நெடுந்தூரம் முன்னாலேயே நின்றுவிட்டன. உதட்டைக் கடித்து இன்னொரு முறை நீட்டினார். அதே இடம்தான்.

"அழகா வந்திருக்கு" என்றார், கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே. "நடுவுல உள்ளத மட்டும் நீங்க பாத்துக்கங்க."

"ஒருத்தரும் கை வைக்கக் கூடாதுன்னியே?"

"அப்ப சொன்னேன்."

"அதுக்கென்னம்மா, நான் பறிச்சுத் தரேன்" என்றாள் மகள்.

"தா தா. நான் வழக்கம்போல உக்காந்து பாக்கறேன்."

கோட்டுக்காரர் தன் கையை ஒருமுறை நீட்டிப் பார்த்துக்கொண்டார். அளவெடுத்தது அந்தக் கையால்தான். தாளைப் பிரித்தார். பாத்தி குறுகினால் வழிகள் பெருகும். ஒரு வரிசைத் தக்காளி போகும்.

"இவ்வளவு கோட்டையும் அழிக்கணுமேப்பா" என்றாள் மகள்.

"அழிப்போம். தார் ரோடா இது, சொரண்டறதுக்கு?"

மனைவியின் வலது உள்ளங்கையில் ஒரு பிடி வெள்ளைத்தூளை வைத்து விரல்களை மூடிவிட்டார். "வலிக்காம எங்க எட்டுதோ அங்க விடு."

மனைவி கையை நீட்டி, ஒரு கணம் நிறுத்தினார். "இன்னும் கொஞ்சம் எட்டும்."

"இன்னிக்கு எட்டினா ஆச்சா? தெனமும் எட்டணும்."

கை சற்றுப் பின்வாங்கியது. விரல்கள் திறந்தன. தூள் விழுந்த இடத்தில் மண்டியிட்டு, அந்த வெள்ளையின் நடுவில் முளையை நிறுத்தி அடித்தார் கோட்டுக்காரர்.