மைதானத்துக்குப் பக்கத்தில் ஹொட்டேல் கட்டினால் ஓடுமா?

ஹொட்டேலில் அறை துப்புரவு செய்கிறவளுக்கு விருந்தாளியின் முகம் தெரியாது. கட்டிலின் எந்தப் பக்கம் படுத்தார், ஈரம் துடைத்த துவாய் எத்தனையை நிலத்தில் போட்டார் என்பதுதான் தெரியும். இதை வாசிக்கிறவர்களில் மெத்தையைத் தூக்கித் தூக்கி விரிப்புச் செருகி முதுகும் முழங்கையும் போனவர்கள் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

நான் பதினேழு வருஷம் வேலை செய்த ஹொட்டேல் ரொறன்ரோ நகரின் நடுவில், பேஸ்போல் மைதானத்தோடு ஒட்டினாற்போல் நிற்கிறது. பாதி அறைகளில் திரைச்சீலையை விலக்கினால் மைதானம் தெரியும். மற்றப் பாதியில் ரயில் பாதை. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து அறை. நான் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகவில்லை, மருமகன் சுதன் ஒரு கேள்வியோடு வந்தார். அவர் பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் மனேச்சர். ரொறன்ரோவுக்கு வெளியே, இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் உள்ள ஒரு சிறு நகரத்தில் புதிதாக ஒரு பேஸ்போல் மைதானம் கட்டுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் காணி வாங்கி, கூட்டாளிகள் இரண்டு பேரோடு ஹொட்டேல் கட்ட அவருக்கு ஆசை. "மாமி, நீங்க அதுக்குள்ளயே இருந்த ஆள். மைதானத்துக்குப் பக்கத்தில ஹொட்டேல் கட்டினா ஓடுமா?" என்று கேட்டார்.

கேட்டது ஹொட்டேலை, கேட்காமல் விட்டது வீட்டை. எங்கள் மட்டக்களப்புப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். நானும் காலமாகிவிட்ட என் கணவரும் உழைத்து வாங்கிய மில்லிக்கன் பகுதி வீட்டை மகள் வாணியின் பேரில் எழுதிய பிறகுதான் சுதன் தாலி கட்டினார். அந்த வீட்டை விற்றால்தான் ஹொட்டேலுக்கு அவருடைய பங்கு சேரும். ஆனால் பெண் வீட்டுக்கு வந்த மருமகன் அதைத் தன் வாயால் கேட்கமாட்டார். வாணியோ, "அம்மா ஓடும் எண்டா நான் கையெழுத்து வைக்கிறன்" என்று சொல்லிவிட்டாள். ஆக, அவர்களோடு நானும் இருக்கும் வீடு என் வாய்ச்சொல்லில் வந்து நின்றது. நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். நாலு பேருக்கு முன்னால் பேசியும் பழக்கமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தபோது நினைவுக்கு வந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடியும் நேரம் இல்லாத ஆட்டம்

பேஸ்போலில் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் ஆட்டத்தை முடிக்கமாட்டார்கள். யாராவது ஒருவர் தோற்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். ஹொட்டேல் நடத்துகிறவர்கள் இதை யோசிக்காமல், மைதானப் பக்கத்து அறைக்காரருக்கு "ஆட்டம் முடியும்வரை அறையில் இருக்கலாம்" என்று ஒரு சலுகை கொடுத்தார்கள். அடுத்த விருந்தாளிக்கு நாலு மணிக்கு அறை தருவதாகவும் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது சுற்றில் முடியவேண்டிய ஆட்டம் சமநிலையில் நின்று பத்தாவது சுற்றுக்கும் பதினோராவது சுற்றுக்கும் போனது. எனக்கு இன்னும் ஒன்பது அறை மிச்சம். வண்டியோடு நடைபாதையில் நிற்கிறேன். கீழே புது விருந்தாளிகள் பெட்டிகளோடு நிற்கிறார்கள். நான் பிள்ளையாரிடம் எந்த அணி என்று குறிப்பிடாமல், யாராவது ஒருவரைத் தோற்கடித்துவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு கதவை மூன்றாம் முறை தட்டினேன். தொப்பி போட்ட வயதான வெள்ளைக்காரர் ஒருவர் திறந்தார். அவருக்குப் பின்னால் யன்னலோரம் ஐந்து பேர் கதிரைகளில் இருந்தார்கள். தரையெல்லாம் சோளப்பொரி. என் முகத்தைப் பார்த்து அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "உள்ளே வாங்கோ அம்மா, ஒரு கதிரை இருக்கு. துவாயை அடுத்த சுற்றில் மாத்தலாம்."

பெரிய திரை

ஆட்டம் நடக்கும்போது மைதானப் பக்கத்து அறையைத் துப்புரவு செய்தால் திரைச்சீலையை மூடிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஹொட்டேல் விதி. ஒருநாள் விருந்தாளி ஒருவர் சீலையைத் திறந்தபடி விட்டுவிட்டு வெளியே போயிருந்தார். கண்ணாடியில் சின்னப்பிள்ளையின் கைரேகைகள். அவற்றைத் துடைத்துவிட்டு மூடுவோம் என்று துடைக்கத் தொடங்கினேன். திடீரென்று மைதானம் முழுவதும் சத்தம். ஆட்டக்காரர்கள் சும்மாதான் நின்றார்கள். நிமிர்ந்து எதிரே இருந்த பெரிய திரையைப் பார்த்தேன். அதில் நரைத்த கொண்டையோடு ஒரு பெண் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏப்ரனைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று விளங்கியது.

கை நின்றுவிட்டது. சனம் "ஊ" என்று குறைப்பட்டது. வலப்பக்க மூலையில் ஒரு ரேகை மிச்சம் இருந்தது. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. துடைத்தேன். மைதானமே எழும்பிக் கைதட்டியது. சீலையை இழுத்து மூடிவிட்டுக் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். பக்கத்து அறைகளைச் செய்யும் மரிசெல் ஓடிவந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, நான் சேர்ந்த அடுத்த வருஷம் வந்தவள். என்னைக் கட்டிப்பிடித்துச் சொன்னாள்: "இத்தனை வருஷமாக நாம் துடைக்கிறோம், இன்றைக்குத்தான் நாலு பேர் கைதட்டினார்கள்."

வரவேற்பறைக் கூட்டம்

ஆட்ட நாளில் எங்கள் வரவேற்பறையைப் பார்க்கிறவர்கள் இந்த ஹொட்டேல்காரன் பெரிய அதிர்ஷ்டக்காரன் என்று நினைப்பார்கள். நிற்க இடம் இருக்காது. முன்மேசையில் வேலை செய்யும் கார்த்திக் மதுரைக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒருநாள் துவாய்களோடு அந்தப் பக்கம் போனேன். அணியின் நீலச் சட்டை போட்ட ஒரு தமிழ்க் குடும்பம் சோபா முழுக்க இருந்தது. பிள்ளைகள் ஹொட்டேல் தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பினார்கள். கார்த்திக் மரியாதையாக, "அறை எடுத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

"சேச்சே, நாங்க பிறம்ரன். மைதானத்தில பாத்றூம் வரிசை நீளம், அதுதான் இங்க வந்தனாங்கள். ஆட்டம் முடிய வீட்டை போயிடுவம்" என்றார் தகப்பன். பிறகு என்னைப் பார்த்து, "அன்ரி, கடதாசி முடிஞ்சுபோச்சு, ஒருக்கா வைச்சு விடுங்கோ" என்றார். வைத்துவிட்டு வந்தேன். உண்மையில் ஆட்டம் பார்த்து அறையில் தங்குகிறவர்கள் எல்லைக்கு அப்பால் இருந்து எதிரணியின் சட்டையோடு வருகிறவர்கள்தான். இந்த ஊர்க்காரர் ரயிலிலும் காரிலும் போய்விடுவார்கள். கார்த்திக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "சித்திரைத் திருவிழா மாதிரி கூட்டம் ஆன்ட்டி. இதுல பாதிப் பேர் ரூம் எடுத்தா நாம இன்னும் நாலு ஹோட்டல் கட்டலாம்."

தை மாதம்

ஐப்பசி பிறக்க ஆட்டம் முடிந்துவிடும். பங்குனி கடைசிவரை மைதானத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த மாதங்களில் எங்களுக்கு வேலை மூப்புப்படிதான். முதலில் சேர்ந்தவளை முதலில் கூப்பிடுவார்கள். பிந்திச் சேர்ந்தவள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பாள். குளிர்காலத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்து பழகியவர்களுக்கு இது விளங்கும். தை மாதத்தில் எங்கள் ஹொட்டேலைத் தாங்கியவர்கள் மகாநாடுகளுக்கு வந்தவர்களும், பனியில் விமானம் தவறியவர்களும், பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் சொந்தக்காரரும்தான். அவர்கள் ஒருவரும் மைதானத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

ஒரே ஒரு பெண் கேட்டு வந்தார். வின்னிபெக்கில் இருந்து வந்தவர், என் வயது இருக்கும். மைதானப் பக்கத்து அறைதான் வேண்டும் என்று வாங்கியிருந்தார். மேற்கூரை மூடி, விளக்கு அணைந்து, கதிரைகள் மட்டும் தெரிந்தன. நான் துவாய் மாற்றப் போனபோது யன்னலோரம் கதிரை போட்டு இருந்தார். ஏமாந்துவிட்டார் போலும் என்று எண்ணி, சித்திரையில் வந்தால் ஆட்டம் பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் திரும்பிச் சிரித்தார். "எனக்கு ஆட்டம் விளங்காது. இவ்வளவு பெரிய இடம் ஆள் இல்லாமல் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வந்தேன்."

விருந்தாளியாக ஒரு நாள்

நான் இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லச் சுதன் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். புரட்டாதியில் ஒரு சனிக்கிழமைக்கு அதே ஹொட்டேலில் மைதானப் பக்கத்து அறை எடுத்து, வாணியையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் பகல் ஆட்டம் முடியும்வரை அறை எங்களுக்குத்தான். காலையில் அவர் பெட்டிகளைக் காரில் வைத்துவிட்டு வந்தார். கீழே சாப்பிடப் போகத் தயாரானோம். எனக்கோ அந்தக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு வெளியே போக முடியவில்லை. இரண்டு நிமிஷம் என்று சொல்லி அவர்களை முன்னால் அனுப்பினேன். விரிப்பை இழுத்து மூலைகளைச் செருகினேன். துவாய்களை மூன்றாக மடித்தேன். தொட்டியைத் துடைத்து, குப்பையை நடைபாதையில் நின்ற வண்டியில் போட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் கதவு எங்கள் சாவி அட்டையை ஏற்கவில்லை. தட்டினோம். முகமெல்லாம் சவர நுரையோடு ஒரு அமெரிக்கர் திறந்தார். நடந்தது இதுதான்: அந்த மாடி மரிசெலுடையது. உள்ளே எட்டிப் பார்த்தவள் பெட்டி ஒன்றும் இல்லாததையும் மடிப்பையும் கண்டு, விருந்தாளி போய்விட்டார், வேறொருத்தி முடித்துவிட்டாள் என்று எண்ணி, அறை தயார் என்று கீழே சொல்லிவிட்டாள். கார்த்திக் காத்திருந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் படுத்த விரிப்பில் இன்னொருவர் படுப்பதா? எனக்கு உடம்பு கூசியது. அந்த அமெரிக்கரிடம் மன்னிப்புக் கேட்டு நானும் மரிசெலும் விரிப்பெல்லாம் மாற்றினோம். "விருந்தாளி எங்கேயாவது துவாயை மூன்றாக மடிப்பாளா? நீ ஓய்வு பெற்றது உனக்கே ஞாபகம் இல்லையா?" என்று அவள் திட்டிக்கொண்டே தலையணைக்கு உறை போட்டாள்.

எங்களுக்கு ரயில் பாதைப் பக்கம் ஒரு அறை கிடைத்தது. சுதன் கோபிப்பார் என்று பயந்தேன். அவர் லிப்றில் வரும்போதே முகம் மலர்ந்திருந்தார். வெறும் நாட்களைப் பற்றி நான் இவ்வளவு நாளும் சொன்னதையெல்லாம் அந்த ஒரு மடிப்பு கெடுத்துவிட்டது. "பாத்தீங்களா மாமி? ஒரு அறைய அரை மணித்தியாலங்கூடச் சும்மா விடுறாங்க இல்ல."

கையெழுத்து

அதன்பிறகு நான் ஒன்றைத்தான் கேட்டேன்: தை மாதத்தில் ஒருக்கா அந்தக் காணியைக் காட்டுங்க மகன். பொங்கல் முடிந்த கிழமை மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் பனி. புது மைதானம் எங்கள் மைதானத்தில் ஒரு மூலை அளவு, கூரை கிடையாது. பக்கத்தில் காணி வெள்ளையாகக் கிடந்தது. சுதன் சப்பாத்து நனைய அதற்குள் நடந்து, வரவேற்பறை இங்கே, லிப்ற் இங்கே என்று கை காட்டினார். உண்மையாகவே அழகாகச் சொன்னார். வாணி குளிரில் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். எதிரே ஒரு கோப்பிக் கடை. உள்ளே போனோம். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. சுதன் கடைக்காரப் பெண்ணிடம் வியாபாரம் எப்படி என்று விசாரித்தார். "இங்கே முன்பும் ஒரு பழைய மைதானம் இருந்தது. ஆட்ட நாளில் மூச்சு விட நேரம் இல்லை. மற்ற நாளில் நீங்கள்தான்" என்றாள்.

காரில் ஏறியபின் சுதன் நேராக என்னைக் கேட்டார். "மாமி, இப்ப சொல்லுங்க. ஓடுமா?" பின்னால் இருந்த நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "எனக்குத் தெரியாது மகன். ஆள் நிறைஞ்ச நாளையும் பாத்திருக்கன், வெறும் நாளையும் பாத்திருக்கன். ஆள் படுக்காத அறையிலயும் தூசி படியும், அதையும் ஒருத்தி துடைக்கத்தான் வேணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவர் காரைக் கிளப்பினார். நெடுஞ்சாலை வந்தது. நான் ஓடும் என்றும் சொல்லவில்லை, ஓடாது என்றும் சொல்லவில்லை. இப்போது வாணி என்ன செய்வாள் என்று தெரியவில்லை. அவள் கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, புருஷனுடைய கோப்பியின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்துச் சொன்னாள்: "உங்கட சேமிப்பைப் போட்டு ஹொட்டேல உங்கட பேரில கட்டுங்க, நான் குறுக்க நிக்கமாட்டன். வீடு என்ட பேரிலயே கிடக்கட்டும்."

இப்போது சுதன் தன்னிடம் இருந்ததைப் போட்டுச் சின்னப் பங்குக்காரராகச் சேர்ந்திருக்கிறார், அங்கே இரும்புச் சட்டகம் மூன்று மாடிக்கு எழும்பிவிட்டது, ஞாயிறு காலைகளில் எங்கள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துத் துவாய் வைக்கும் அலுமாரி எங்கே வரவேண்டும் என்று என்னைக் கேட்கிறார். ஆகவே மைதானத்துக்குப் பக்கத்தில் ஹொட்டேல் கட்டுவது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது என்றாலும், கட்டுகிறவர் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு கட்டுவது நல்லது என்பது மட்டும் தெரியும்.